மயிலையின் முதுகெலும்பு

நைரோபி
12 ஜூன் 1995

அண்ணனுக்கு,

வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதற வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அப்பா இறந்த வருடம் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு இது நான் உங்கள் பேருக்கு எழுதும் முதல் கடிதம். நான்கு வருடமாகிறது. அம்மாவுக்கு நான் போடும் கடிதங்களைப் படித்துக் காட்டுவது நீங்கள்தான் என்று தெரியும். அதனால் அடியோடு பேசாமல் இருந்தோம் என்றும் சொல்ல முடியாது.

சுற்றி வளைக்கவில்லை. உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

இங்கே மியூசியத்தில் எனக்கு எலும்பு பார்க்கிற வேலை. தோண்டி எடுக்கிற எலும்பு எந்தப் பிராணியுடையது, எத்தனை வயது, எப்படிச் செத்தது என்று சொல்ல வேண்டும். இந்த வருடம் கடற்கரையில் ஒரு பழைய ஊரைத் தோண்டினோம். பவளப்பாறையைக் கல்லாக அறுத்துக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்குப் பின்னால் ஆயிரம் வருடத்துக் குப்பைமேடு. மீன் முள், ஆமை ஓடு, சீனத்துப் பீங்கான் உடைசல் எல்லாம் வந்தன. மூன்றாம் நாள் ஒரு மாட்டு முதுகெலும்பு வந்தது. கழுவி உள்ளங்கையில் வைத்தேன். மேல்நோக்கி நீண்டிருக்கும் முள், நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது.

அண்ணா, திமில் உள்ள மாட்டுக்குத்தான் அந்த இடத்தில் அப்படிப் பிளந்திருக்கும். திமில் மாடு நம் பக்கத்துச் சாதி. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அது இந்தக் கரையில் புல் மேய்ந்திருக்கிறது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்தவர்கள் எனக்கு வெயில் தாக்கிவிட்டதென்று தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

என் மேலதிகாரி நம்பவில்லை. ஏதோ நோயால் வந்த பிளவு என்கிறார். பக்கத்தில் வைத்துக் காட்ட எனக்கு ஒரு எலும்பு வேண்டும். இங்குள்ள மாடுகள் கலப்பு. மியூசியத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் கால்நடை டாக்டர் ஒருவர் சேர்த்த இழுப்பறைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் "நேட்டிவ் மாடு, எண் 14", "நேட்டிவ் மாடு, எண் 15" என்று சீட்டு. எந்த ஊர், யார் வளர்த்தது, என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒன்றும் கிடையாது. அதே டாக்டரின் வேட்டை நாய் மண்டையோடும் ஒரு பெட்டியில் இருக்கிறது. அதற்கு மட்டும் பேர், பிறந்த தேதி, என்ன தின்னும் என்பது வரை எழுதியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எனக்குப் பேரும் பிறப்பும் தெரிந்த மாடு வேண்டும். அப்பாவின் காளை, மயிலை. கிணற்றுமேட்டில் நீங்கள் புதைத்தீர்களே, அதில் திமிலுக்குக் கீழே உள்ள நாலு எலும்பு போதும். கூட ஒரு கரண்டி மண். மீதியை அப்படியே மூடிவிடலாம். டிசம்பரில் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குள் காட்டாவிட்டால் "நோய்" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

ராமாமணி


பெரியதோட்டம், பல்லடம் வட்டம்
9 ஜூலை 1995

அம்மணிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதியிருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது, அதனால் எழுதவில்லை. இப்போதும் வருமா என்று தெரியவில்லை.

அப்பா கண்ணை மூடியபோது தந்தி கொடுத்தேன். காரியமெல்லாம் முடிந்து பதினோராம் நாள் பெட்டியோடு வந்து இறங்கினாய். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் செத்த மாட்டுக்கு மண்ணில் உட்கார்ந்தாயாம். பெத்த அப்பனுக்கு உட்கார நேரமில்லை. இதை நான் நேரில் கேட்டுத்தான் சண்டையானது. மறுபடியும் கேட்கிறேன், வருத்தப்பட்டால் படு.

மயிலையைத் தோண்ட முடியாது. அந்த இடத்தில் அம்மா கல் நட்டு வைத்திருக்கிறாள். மாட்டுப் பொங்கலுக்கு முதல் பால் அங்கேதான் ஊற்றுகிறாள். கோழிப்பண்ணைக்கு இன்னொரு கொட்டகை போட அந்த இடம்தான் தோதாக இருந்தது, அதைக்கூட நான் தொடவில்லை. அப்பா கடைசியாகச் சொன்ன வார்த்தை உனக்குத் தெரியாது, நீதான் இல்லையே. "மயிலைய மட்டும் லாரிக்கு ஏத்தீராத கண்ணு" என்றார். அந்த மாட்டை எலும்பெலும்பாகப் பொட்டலம் கட்டி அனுப்பச் சொல்கிறாய்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நீயும் அவளுக்கு எழுதும்போது இதை இழுக்காதே.

நுனி பிளந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். ஒரு இதுக்காகப் பக்கத்துத் தோட்டத்துக் காளையின் திமிலை அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. முட்ட வந்துவிட்டது.

மாரப்பன்


நைரோபி
2 ஆகஸ்ட் 1995

அண்ணனுக்கு,

திட்டியாவது எழுதினீர்களே, சந்தோஷம். பிளேன் டிக்கெட் கிடைக்கவில்லை என்று அன்றைக்கே சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. அதை விடுவோம்.

தெரிந்த மாடு எதற்கு என்று உங்களுக்குப் புரிய வைக்க முடியுமா பார்க்கிறேன். இந்த எலும்பு எப்படி இங்கே வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரே தடவையில் கப்பலில் வந்திருக்கலாம். அரபுக்கரை வழியாகத் தலைமுறை தலைமுறையாக நடந்தும் வந்திருக்கலாம். அது நம் ஊர் மாடு என்று நான் சொல்லவே இல்லை. ஒன்றுவிட்ட உறவு, அவ்வளவுதான். ஆனால் ஏதோ ஒரு இடத்தில், யாரோ ஒருவன் அதன் பாட்டனையோ பூட்டனையோ பாய்மரக் கப்பலில் ஏற்றியிருக்கிறான். யோசித்துப் பாருங்கள். நம் மயிலை வாய்க்கால் பாலம் தாண்டவே அரை நாள் அழிச்சாட்டியம் பண்ணும். அந்த மாட்டைப் பலகையில் நடக்க வைத்து, அலையில் கால் இடறாமல் கட்டி, தன் குடிதண்ணீரில் பாதியை அதற்குக் கொடுத்து, வைக்கோல் தீரும் நாளை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். மிரளும்போது அதன் கழுத்தைத் தடவியிருப்பான். பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான். அந்தப் பேர் போய்விட்டது, அண்ணா. எலும்பு இருக்கிறது, பேர் இல்லை. அதனால்தான் அதன் பக்கத்தில் பேர் உள்ள ஒரு மாட்டை வைக்க ஆசைப்படுகிறேன்.

அம்மாவைக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுகிறேன். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்றால் உங்கள் மகள் நித்யஸ்ரீ பேருக்கு எழுதுகிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கிறாளே, அவளே அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும்.

ராமாமணி


பெரியதோட்டம்
4 அக்டோபர் 1995

அம்மணிக்கு,

குழந்தைக்கெல்லாம் எழுத வேண்டாம். தோண்டிவிட்டேன். அம்மா அவிநாசிக் கோயிலுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து முடித்தேன். அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மூன்று எலும்பு அனுப்பியிருக்கிறேன், மண்ணும் இருக்கிறது. கோயமுத்தூர் கோட்டைமேட்டு உமர் பாரூக் பாய் பம்ப்செட் சாமான் வியாபாரமாக நைரோபி வருகிறார். நம் கிணற்று மோட்டார் அவர் கடையில் எடுத்ததுதான். அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

நீ எழுதியது நிசம். பிளந்துதான் இருக்கிறது. மாடு கட்டியே வளர்ந்தவன் நான், முப்பது வருடம் திமிலைத் தட்டிக் கொடுத்திருக்கிறேன், அதற்கடியில் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்ததே இல்லை. எதை எடுத்துப் பார்த்தாலும் அதே பிளவு.

சீட்டில் அப்பா பேரும் வரட்டும், "மயிலை, செங்கோட்டையன் தோட்டம்" என்று எழுதிக்கொள். இத்தோடு இந்தப் பேச்சை விடு.

மாரப்பன்


நைரோபி
6 நவம்பர் 1995

அண்ணனுக்கு,

உமர் பாரூக் அண்ணன் பொட்டலத்தைப் பத்திரமாகச் சேர்த்தார். தன் புதுத் துண்டில் சுற்றி, பெட்டியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டே பிளேனில் வந்தாராம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பழைய எலும்பையும் நீங்கள் அனுப்பியதையும் ஒரே தட்டில் வைத்தேன். பிளவு ஒன்றேதான். நுனி விரியும் வளைவு கூட ஒன்றுதான். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆயிரம் வருட இடைவெளியில் செத்த இரண்டு மாடுகள் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் இனி வராது.

எல்லோரும் போன பிறகு சீட்டு எழுதப் பேனாவைத் திறந்தேன். எழுதுமுன் லென்ஸ் வைத்துப் பார்ப்பது பழக்கம். பார்த்தேன்.

மூன்றும் ஒரே மாட்டுடையது இல்லை. ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. ஒன்றில் ஓரத்துத் தட்டு இன்னும் ஒட்டவில்லை, ஐந்து வயது நிரம்பாத மாடு. மயிலைக்குப் பதினாறு. நான்கு வருடம் மண்ணில் கிடந்த எலும்பு மண் நிறம் ஏறியிருக்கும், இவை வெயிலில் வெளுத்திருக்கின்றன. நம் தோட்டத்துச் செம்மண் மேலே மட்டும் பூசியிருக்கிறது, உள் துளைகளில் ஒரு துகள் இல்லை. விலா எலும்பு வந்து சேரும் இடத்தில் மெல்லிய கோடுகள் இருக்கின்றன. அது கத்தி.

புதைத்த மாட்டில் கத்தி படாது, அண்ணா.

செம்மண்ணுக்கு அடியில் மஞ்சள் இருக்கிறது. நன்றாக ஊற வைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் புரியவில்லை. என்னை ஏமாற்ற மண் போதும். மஞ்சள் எதற்கு?

சீட்டு காலியாக இருக்கிறது. அந்த இழுப்பறையில் ஒரு பொய் போய்விட்டால் நூறு வருடத்துக்கு யாரும் அதை எடுக்க மாட்டார்கள். நீங்கள் சொல்கிறபடிதான் எழுதுவேன். நிசத்தைச் சொல்லுங்கள்.

ராமாமணி


பெரியதோட்டம்
1 டிசம்பர் 1995

ராமாமணிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இதை எப்படியாவது தபாலில் போட்டுவிட வேண்டும்.

கிணற்றுமேட்டில் ஒன்றும் இல்லை. மண்தான்.

அப்பா போய் ஆறு மாதம். கிணறு வறண்டு கிடந்தது. டிராக்டர் வந்துவிட்டது. மயிலைக்கு முன்னங்கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. தினமும் நானும் இன்னொரு ஆளும் தூக்கி நிறுத்த வேண்டும். அம்மா பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் தங்கினாள். இரண்டாம் நாள் அடிமாட்டுத் தரகர் ஒருவர் லாரியோடு வந்தார். வேறு மாடு பார்க்க வந்தவர். அவர் கேட்டார், நான் சரி என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. கஷ்டம் தாங்காமல் என்று எழுதலாம். ஆனால் ஒரு மாதம் பொறுத்திருந்தால் அது தானாகவே போயிருக்கும். எனக்கு அலுத்துவிட்டது, அதுதான் காரணம்.

பலகையில் ஏறவில்லை. நீ எழுதினாய் பார், கப்பல் பலகை, அதைப் படித்தபோது எனக்கு அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்து சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன். கடைசியில் நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். உடனே ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டே ஏறியது. லாரி தார்ரோட்டில் சூலூர்ப் பக்கம் திரும்புகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா திரும்பி வருமுன் கிணற்றுமேட்டில் மண்ணைக் கூட்டி வைத்தேன். செத்துவிட்டது, புதைத்துவிட்டேன் என்றேன். அவள் நடு மத்தியானத்தில் அந்த மண்மேல் படுத்துக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் எப்படிச் சொல்ல? நாலு பொங்கலாகக் காலி மண்ணுக்குப் பால் ஊற்றுகிறாள், நான் பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டுகிறேன். நீ பதினோராம் நாள் வந்ததை இத்தனை வருடம் கழித்தும் நான் பெரிதாகப் பேசினது எதனால் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ நித்யஸ்ரீக்கு எழுதுவதாகச் சொன்னதும் பயந்துவிட்டேன். பாலக்காடு ரோட்டில் ஒரு எலும்புக் கிடங்கு இருக்கிறது, உர மில்லுக்கு லோடு போகிற இடம். அங்கே போனேன். அம்மணி, அந்த மாதிரி ஒன்றை நீ தோண்டின எந்த ஊரிலும் பார்த்திருக்க மாட்டாய். தென்னை மரம் உயரத்துக்குக் குவியல். அத்தனையும் முதுகெலும்பு, கொம்பு, தாடை. ஒன்றை எடுத்தேன், பிளந்திருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு திமில் இருந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் எவனோ ஒருவன் பேர் சொல்லித்தான் லாரியில் ஏற்றியிருப்பான். இதில் மயிலையும் இருக்குமோ என்று தேடினேன். அதுதான் உண்மை, உன் எலும்பைத் தேடப் போனவன் மயிலையைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அப்படியெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா?

வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே மண் பூச மனது வரவில்லை. பொங்கலுக்கு மாட்டைக் கழுவுகிற மாதிரி மஞ்சள் தேய்த்துக் கழுவினேன். அப்புறம்தான் மண் பூசினேன். பாயிடம் பொட்டலத்தைக் கொடுத்தபோது, "உங்க ஊட்டு மாடுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவர் உடனே தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்துச் சுற்றினார். அந்தத் துண்டு என்னை இன்றைக்கு வரைக்கும் தூங்க விடவில்லை.

சீட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

மாரப்பன்


நைரோபி
20 டிசம்பர் 1995

அண்ணா,

படித்தேன். கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

நீங்கள் நிசம் எழுதியதால் நானும் எழுத வேண்டும். அப்பா போனபோது டிக்கெட் கிடைத்தது. மூன்றாம் நாளே வந்திருக்கலாம். அந்த வாரம் குழியில் கடைசி மட்டம் திறந்திருந்தோம், மழை வருமுன் முடிக்க வேண்டும். அப்பாதான் போய்விட்டாரே, இனி அவசரம் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணம் எட்டு நாளாகிவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அறிக்கை கொடுத்தாயிற்று. உங்கள் எலும்புகளைப் பார்த்த பிறகு நோய் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதம் வந்த அன்று பழைய எலும்பைத் திரும்ப எடுத்து லென்ஸில் பார்த்தேன். பிளவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில் விலா சேரும் இடத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. என் வேலையில் இது பெரிய தப்பு. அங்கேயும் கத்திக்கோடு இருக்கிறது. அதே இடத்தில், அதே சாய்வில். கடல் தாண்டி வந்த மாட்டின் வாரிசையும் கடைசியில் வெட்டித்தான் இருக்கிறார்கள், குப்பைமேட்டில்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடவிக் கொடுத்த கையும் கத்தி பிடித்த கையும் எப்போதும் ஒரே ஊரில்தான் இருந்திருக்கின்றன போல. இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சீட்டு எழுதிவிட்டேன்: "கொங்கு நாட்டு மாடுகள் மூன்று. பேர்கள் இருந்தன, தெரியவில்லை. பாலக்காடு ரோட்டு எலும்புக் கிடங்கில், மயிலை என்ற காளையைத் தேடிப்போன மாரப்பன் எடுத்தவை. மஞ்சள் அவர் தேய்த்தது."

அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முன்னால் சொல்லுங்கள். ஐந்தாவது தடவையும் அவளைக் காலி மண்ணுக்குப் பால் ஊற்ற விடாதீர்கள்.

ராமாமணி


பெரியதோட்டம்
18 ஜனவரி 1996

அம்மணிக்கு,

போகிக்கு முதல் நாள் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். கீரையை ஆய்ந்து முடித்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் போட்ட சோற்றையும் தொடவில்லை. நித்யஸ்ரீ கொடுத்தால் மட்டும் சாப்பிட்டாள்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் வழக்கம்போலச் சொம்பில் பால் எடுத்தாள். நான் கிணற்றுமேட்டுப் பக்கம் போய் நின்றேன். அவள் அங்கே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "வண்டிய எடு" என்றாள்.

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து சொம்பை மடியில் பிடித்துக்கொண்டாள். தார்ரோடு வந்ததும் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள்.

"லாரி எந்தப் பக்கமா போச்சு?"

மேற்கே கையைக் காட்டினேன். ரோட்டோரமாக நாலு அடி நடந்து, குனிந்து, பாதிப் பாலை ஊற்றினாள். திருப்பூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பால் தாரில் ஓடி, ஓரத்து மண்ணில் இறங்கியது.

விஷயத்தைச் சொன்ன அன்றைக்கே உன் கடிதம் எல்லாவற்றையும் படித்துக் காட்டியிருந்தேன். சொம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பாப்பா தோண்டுன மாடு, அது எந்தப் பக்கம்?"

எனக்கு ஆப்பிரிக்கா எந்தத் திசை என்று சட்டென்று வரவில்லை. பாலக்காடு தாண்டினால் கடல், கடல் தாண்டினால் நீ. யோசித்துவிட்டு, "அதும் மேக்கதாம்மா" என்றேன்.

"ரெண்டும் ஒரே பக்கமா" என்று சொல்லிவிட்டு அந்த ரோட்டையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். தினமும் போகிற ரோடு, அது அவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. மீதிப் பாலையும் அதே இடத்தில் ஊற்றினாள்.

பிறகு காலிச் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நாலு நாளில் அவள் என் கையில் கொடுத்த முதல் பொருள் அது. வீடு வந்து சேரும் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

அடுத்த பொங்கலுக்கு வந்துவிடு. டிக்கெட் கிடைக்கும்.

மாரப்பன்